கூப்பிடு தூரத்தில் நீதிமன்றம்



இந்த அறக்கட்டளையின் மேடையில் இதுவரை பேசியவர்கள் நீதியரசர்கள், சட்டப் பேராசிரியர்கள். இந்த ஆண்டு, கீழமை நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து, பிறகு சிரஸ்தாராக ஓய்வுபெற்ற ஒருத்தியை அழைத்திருக்கிறீர்கள். நீதிபதியின் இருக்கைக்கும் கட்சிக்காரர் நிற்கும் இடத்துக்கும் நடுவில் கேஸ் கட்டுகள் அடுக்கிய ஒரு மேசை உண்டு. என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அங்கேதான் போனது. தீர்ப்பு எழுதும் கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஒரு மனிதர் அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்பதற்குள் என்ன பாடு படுகிறார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

எனக்குப் பழக்கமான புறநகர் சென்னைக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், பிறகு செங்கல்பட்டு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்தப் பாதையில் குடியிருப்பவருக்கு நீதிமன்றம் எவ்வளவு அருகில் இருக்கிறது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த முப்பது ஆண்டுகளில் சட்டம் நீதிமன்றத்தை இவர்களின் வீட்டருகே கொண்டுவந்திருக்கிறது. அன்றாட நடைமுறை அதைத் திரும்பத் தள்ளி வைத்திருக்கிறது. மாற்ற வேண்டியது நடைமுறையைத்தான். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

எந்த எல்லை, யாருடைய எல்லை?

புறநகர்க்காரருக்கு வரும் முதல் சந்தேகம், 'எங்க ஏரியாவுக்கு எந்த கோர்ட்டு சார்?' என்பது. படித்தவர்களும் கேட்கிறார்கள். கேட்பவர் மீது தவறில்லை.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆலந்தூர், அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் உள்ளே வந்தன. வருவாய் மாவட்டத்தின் எல்லை அதற்கு ஈடாக விரிந்தது 2018-இல். நீதிமன்ற எல்லை அந்த இரண்டோடும் சேர்ந்து நகரவில்லை. சொத்து வரியைச் சென்னைக்குக் கட்டிக்கொண்டு, சிவில் வழக்குக்குச் செங்கல்பட்டு அல்லது திருவள்ளூர் நீதி எல்லைக்குள் நின்ற குடும்பங்கள் நெடுங்காலம் இருந்தன.

தெற்கே வந்தால் இன்னொரு கதை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகம் காஞ்சிபுரத்தில், முதன்மை மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில். பட்டா விஷயமாக ஒரு ஊர், பாகப்பிரிவினை வழக்குக்கு வேறு ஊர் என்று ஜனங்கள் அலைந்தார்கள். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2022 தொடக்கத்தில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது. அது உருவானபோதே அதன் எல்லை செங்கல்பட்டு மாவட்டத்தோடு நிற்கவில்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தின் சில காவல் நிலையங்களும் அதில் சேர்ந்தன.

ஆக, ஒரே தெருவில் இருப்பவருக்கு மாநகராட்சி ஒரு வரைபடம், தாசில்தார் ஒரு வரைபடம், போலீஸ் ஒரு வரைபடம், நீதிமன்றம் ஒரு வரைபடம். இவற்றுள் முதல் மூன்றையும் எப்படியாவது தெரிந்துகொள்ளலாம், பெயர்ப்பலகை இருக்கிறது. நீதிமன்ற எல்லையை எந்தத் தெருமுனையிலும் எழுதி வைப்பதில்லை. தவறான நீதிமன்றத்தில் தாக்கலான பிராது, உரிய நீதிமன்றத்தில் போடச் சொல்லித் திருப்பித் தரப்படும். அதற்குள் சில மாதங்கள் போயிருக்கும்.

சட்டம் கிட்டே வந்த கதை

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1908-ஆம் ஆண்டினுடையது. அதன் பொது விதி இது: அசையாச் சொத்து வழக்கு சொத்து இருக்கும் இடத்தில், மற்ற வழக்குகள் பெரும்பாலும் பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோ. குறைப்பட்டவர்தான் எதிராளியின் ஊரைத் தேடிப் போக வேண்டும். வீட்டில் ஆள்பலமும் கையில் காசும் உள்ளவருக்கு இது பெரிய காரியமல்ல. இல்லாதவர்கள் வழக்கே போடாமல் இருந்துவிடுவார்கள்.

இந்த விதியைப் பாராளுமன்றம் ஒவ்வொரு துறையாகத் தளர்த்திக்கொண்டே வந்தது. 1994-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. விபத்து எங்கே நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம் என்றது. விழுப்புரம் அருகே அடிபட்ட கூடுவாஞ்சேரிக்காரர் விழுப்புரத்துக்கு நடக்க வேண்டியதில்லை.

2003-இல் இந்து திருமணச் சட்டம் திருத்தப்பட்டது. மதுரையில் கல்யாணமாகி, மதுரையிலேயே குடித்தனம் நடத்தி, மனம் முறிந்து ஊரப்பாக்கத்தில் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு விவாகரத்து கேட்டு அவர் மதுரைக்குத்தான் போயாக வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு, மனைவி தான் இப்போது வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவர் நீதிமன்றமே போதும் என்றது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்றும் நாள் குறித்தது.

2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. முதியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளை விற்ற நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

எல்லாத் திருத்தமும் எளியவர் பக்கமே சாய்ந்தது என்று சொல்ல மாட்டேன். காசோலை வழக்கைப் பாருங்கள். காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் வந்த திருத்தம் அதை மாற்றி, காசோலையைப் பெற்றவரின் வங்கிக் கிளை இருக்கும் இடம் என்றது. கைமாற்றுக் கொடுத்து ஏமாந்த தனிமனிதருக்கு இது நல்லதுதான். ஆனால் பெற்றவர் ஒரு நிதி நிறுவனமாக இருந்தால், தவணை தவறிய மறைமலை நகர்த் தொழிலாளி அந்த நிறுவனம் கணக்கு வைத்திருக்கும் ஊருக்கு ஓட வேண்டும். யாருக்கு அருகில் என்று கேட்காமல் 'அருகில்' என்று மட்டும் சொன்னால் போதாது.

ஆனாலும் மொத்தத்தில் சட்டத்தின் திசை தெளிவானது. நலிந்தவர் இருக்கும் இடத்துக்கு நீதிமன்றம் வரட்டும் என்பதே அது.

காலை பத்தரை மணி

இனி, நீதிமன்றத்தைத் திரும்பத் தள்ளி வைக்கும் நடைமுறை. காலை பத்தரைக்கு நீதிபதி இருக்கையில் அமர்ந்ததும் பெஞ்ச் கிளார்க் அன்றைய வழக்குகளைக் கூப்பிடத் தொடங்குவார். டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை உரக்கச் சொல்வார். அன்றைய பட்டியலில் நூறு வழக்கு இருந்தாலும் நூறு கட்சிக்காரரும் பத்தரைக்கே வந்திருக்க வேண்டும். தன் வழக்கு பதினொரு மணிக்கு வருமா, மூன்று மணிக்கு வருமா என்பது அவருக்குத் தெரியாது. கூப்பிட்டபோது வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில் இருந்தால் 'பாஸ்ஓவர்' என்று ஒதுக்கி வைப்போம். மதியத்துக்கு மேல் மீண்டும் எடுத்தால், எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும். வாய்தா. பேனாவால் ஒரு தேதி எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகாது. எதிரே நிற்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஷிப்ட் போனால் போனதுதான். அடுக்குமாடிக் காவலாளி தனக்குப் பதில் ஆள் வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுவேலை செய்யும் பெண் நான்கு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலை ரயிலைப் பிடிக்கக் கைக்குழந்தையோடு கிளம்பி வந்த பெண்ணுக்கு, உட்கார ஒரு பெஞ்சும் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவும் சுத்தமான கழிப்பறையும் இல்லாத நீதிமன்றம் எத்தனை கிலோமீட்டர் அருகில் இருந்தால் என்ன? கிரிமினல் வழக்கில் வராவிட்டால் பிடிவாரண்ட் வரும். அதைத் தடுக்க வக்கீல் மனுப் போடுவார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 355-ஆவது பிரிவு, ஆனாலும் கோர்ட்டு வளாகத்தில் இன்னும் பழைய பிரிவு எண்ணில் '317 பெட்டிஷன்' என்றே பெயர். அந்த மனுவும் இலவசமாக வந்துவிடாது.

அடுத்தது விலாசம். ஆள் சரியாக இருந்தும் சம்மன் போய்ச் சேராத இடம் புறநகர்தான். கிராமத்தில், சம்மனைக் கொண்டுபோகும் அமீனா போய்ப் பெயரைச் சொன்னால் டீக்கடையிலேயே வீட்டைக் காட்டிவிடுவார்கள். பழைய நகரத்தில் கதவு எண்ணாவது வரிசையாக இருக்கும். ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் மனை பிரித்து எழுந்த ஊர்களில் ஒரு வீட்டுக்கு மனை எண் ஒன்று, பழைய கதவு எண் ஒன்று, புதிய கதவு எண் ஒன்று. காந்தி நகர், பாரதி நகர் இல்லாத ஊர் உண்டா? அதில் இரண்டாவது குறுக்குத் தெரு, விரிவு என்று கிளைகள் வேறு. வாடகைக்கு இருப்பவர் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த நகருக்கு மாறியிருப்பார். அமீனா சைக்கிளிலோ பைக்கிலோ வெயிலில் சுற்றிவிட்டு, 'மேற்படி விலாசத்தில் நபர் இல்லை' என்று எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்.

அந்த ஒரு வரி இரண்டு பக்கமும் கெடுதல் செய்யும். வாதிக்கு வழக்கு நகராது, மறு சம்மனுக்கு மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். பிரதிவாதிக்கு இன்னும் பெரிய ஆபத்து. கதவில் ஒட்டியதாகவோ, யாரும் படிக்காத பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததாகவோ கணக்குக் காட்டி, அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். அதைத் தள்ளிவைக்க மனுப் போட 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேராதிருந்தால் தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். நிறைவேற்றுதல் மனுவோடு அமீனா வீட்டு வாசலில் நிற்கும்போதுதான், தம் மீது ஒரு வழக்கு இருந்ததே பலருக்குத் தெரிகிறது.

மூன்றாவது, நகல். மேல்முறையீடு செய்யவும், வங்கியில் காட்டவும், பதிவு அலுவலகத்தில் கொடுக்கவும் சான்றிட்ட நகல் வேண்டும். நகல் மனுப் போட்டால் அன்றே கிடைத்துவிடாது. ஆவணத்தை எடுத்து, பக்கம் எண்ணி, எத்தனை நகல் முத்திரைத் தாள் வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். மனுதாரர் அதைப் பார்த்து, குறித்த நாளுக்குள் தாளைக் கட்ட வேண்டும். தவறினால் மனு அடிபட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து. சுண்ணாம்பு உதிரும் சுவரில் ஆணியில் தொங்கும் அந்தப் பலகையின் முன்னால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தம் மனு எண்ணைத் தேடும் முதியவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் உள்ளதை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டால் அவர் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது, நில விலை. உரிமையியல் வழக்கைத் தகுதியுள்ள நீதிமன்றங்களில் கீழ்ப்படியில் உள்ளதில் போட வேண்டும் என்பது விதி. தகுதியை முடிவு செய்வது வழக்கின் மதிப்பு. மதிப்பு உயர்ந்தால் முன்சீப் கோர்ட்டிலிருந்து சார்பு நீதிமன்றத்துக்கு, அங்கிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு. ரயிலும் ஐடி பூங்காவும் வந்த பிறகு புறநகர் நிலத்தின் விலை என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். தாத்தா அரை கிரவுண்டு வாங்கிக் கட்டிய ஓட்டு வீட்டைப் பேரப்பிள்ளைகள் பங்கு பிரிக்க வழக்குப் போட்டால், குடும்பத்தின் வருமானம் மாறாமலே வழக்கின் மதிப்பு பெரிய தொகையாகிவிடுகிறது. உள்ளூரில் முடிய வேண்டிய வழக்கு மேல்படிக்கு ஏறுகிறது. நீதிமன்றக் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக 2017-இல் தமிழக அரசு குறைத்தது பெரிய உபகாரம். ஆனால் தூரத்துக்கு அப்படிச் சலுகை ஏதும் கிடைக்கவில்லை.

ஜாமீன்தாரருக்கு எந்த ஊர்?

புறநகரில் பலர் வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கைதாகி ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் வெளியே வர முடியாமல் இவர்கள் தவிப்பது ஜாமீன்தாரர் கிடைக்காமல். உள்ளூரில் சொத்துள்ள, உறவுள்ள ஆள் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் திருவண்ணாமலையிலோ, ஒடிசாவிலோ இருக்கிறார்கள்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1978-லேயே வழி சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு அது. அவரை ஜாமீனில் விட நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அவருடைய சகோதரர் பிணை கொடுக்க முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நடுவர் மறுத்துவிட்டார். நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த உத்தரவை ஏற்கவில்லை. வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்பதற்காக ஜாமீன்தாரரை நிராகரிக்கக் கூடாது, ஏழைக்குப் பிணைத்தொகையை எட்டாத உயரத்தில் வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. 'லோக்கல் ஷ்யூரிட்டி இருக்கா?' என்ற கேள்வி இன்னும் காதில் விழுகிறது.

பக்கத்து அறையில் இருக்கும் உதவி

நீதிமன்ற வளாகத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் அறை உண்டு. வெளியே 'வட்ட சட்டப் பணிகள் குழு' என்று எழுதியிருக்கும். அரசியலமைப்புச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 39-ஏ பிரிவிலிருந்து பிறந்தது, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். வருமான வரம்பு இவர்களுக்கு இல்லை, மற்றவர்களுக்குத்தான். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் என்பதை இந்த அவையிலேயே எத்தனை பேர் முன்பு கேள்விப்பட்டிருப்பீர்கள்?

அதே சட்டத்தின் கீழ் வருவதுதான் மக்கள் நீதிமன்றம். சமரசமாக முடிந்தால் அந்த முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மீது மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுத்தும் பேசித் தீர்க்கலாம். குடிநீர், மின்சாரம், துப்புரவு, போக்குவரத்து, மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப்பயன் சேவைகளுக்கு 2002-இல் நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்ற ஏற்பாடும் வந்தது. சமரசம் ஆகாவிட்டால் அதுவே முடிவும் சொல்லலாம். கழிவுநீர் தேங்குகிறது, குடிநீர் வரவில்லை என்று நம் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதுகின்றன. அவற்றுள் எத்தனை இந்தப் படியை ஏறிப் பார்த்தன?

மேடையில் நின்று இதைப் பாராட்டிவிட்டுப் போவது சுலபம். உள்ளே இருந்தவள் என்ற முறையில் குறையையும் சொல்ல வேண்டும். இந்த அறை திறந்திருப்பதும் அலுவலக நேரத்தில்தான், நீதிமன்ற வளாகத்துக்குள்தான். நீதிமன்றத்துக்கு வர அஞ்சுகிறவருக்கு உதவ வைத்த அறையை, நீதிமன்றத்துக்குள் வந்தால்தான் பார்க்க முடியும். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண் இதற்காகவே இருக்கிறது. அந்த எண் நம் ரேஷன் கடைச் சுவரில் இருக்க வேண்டும்.

புரியும் மொழி

அருகாமையில் மொழியும் அடங்கும். 1956-ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழி வகுத்தது. அதற்கும் நூறு ஆண்டுக்கு முன்பே முன்சீபாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டார். வழக்காடும் ஜனங்களுக்குச் சட்டம் புரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. இன்றும் பல கட்சிக்காரர்கள் தம் வழக்கின் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, 'நான் ஜெயிச்சிருக்கேனா பாருங்கம்மா' என்று கேட்பார்கள். கடைசிப் பக்கத்து உத்தரவையாவது தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இந்தக் கேள்வி எழாது.

கைப்பேசி செய்யும், செய்யாத வேலை

'எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சிஎன்ஆர் குறியீடு இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும், போன வாய்தாவில் நடந்ததும் தெரியும். மின்தாக்கல் வந்திருக்கிறது. நீதிமன்றங்களில் இ-சேவை மையங்கள் திறந்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை 2023-இல் ஒதுக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மின்வழியாகச் சம்மன் அனுப்பவும் இடம் தருகிறது.

ஆனால் செயலி தேதியைத்தான் சொல்கிறது. எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை. பத்தரைக்கு வந்து நின்றவர் இன்றும் நிற்கிறார். முன்பு குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இப்போது கைப்பேசியில் பார்க்கிறார், அவ்வளவுதான். சிஎன்ஆர் எண்ணையே கட்சிக்காரரிடம் சொல்லாதவர்களும் உண்டு. அதை வக்காலத்தில் கையெழுத்துப் போடும் அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வழக்கு.

செய்யக்கூடியவை

புறநகருக்கெல்லாம் புதிய நீதிமன்றக் கட்டடம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருந்தால், இடம் தேடவும் நிதி ஒதுக்கவும் காலம் போய்விடும். கட்டடம் இல்லாமலே செய்யக்கூடியவை நான்கு இருக்கின்றன.

முதலாவது, நேரம். பட்டியலை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்து முந்திய நாளே வெளியிடலாம். சாட்சி விசாரணைக்குக் காலை, வெறும் நடவடிக்கைகளுக்கு மாலை என்றாலும் சரி. நீதிபதியும் வழக்கறிஞர் சங்கமும் உட்கார்ந்து பேசினால் ஒரே வாரத்தில் ஆகிற காரியம் இது.

இரண்டாவது, பலகை. ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும், மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும், காவல் நிலையத்திலும் அந்தப் பகுதிக்குரிய நீதிமன்றங்களின் பட்டியலைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். முன்சீப், நடுவர், சார்பு நீதிமன்றம், குடும்பநல நீதிமன்றம், நுகர்வோர் ஆணையம், கோட்டாட்சியர், சட்டப் பணிகள் குழு, 15100. எல்லையை மாற்றும் எந்த அரசாணையும் நீதிமன்ற எல்லை என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விலாசம். இது நம் வேலை. குடியிருப்போர் சங்கங்கள் தெருமுனையில் பழைய, புதிய கதவு எண்களோடு ஒரு பலகை வைத்தால் அமீனாவுக்கும் உதவும், ஆம்புலன்ஸுக்கும் உதவும்.

நான்காவது, குடும்பநல நீதிமன்றத்தின் முகாம் அமர்வு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜீவனாம்சத்துக்கும் பிள்ளையைப் பார்க்கும் உரிமைக்கும் வருகிறவர்களால்தான் வேலை நாளை இழக்கவே முடியாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 21-ஆவது பிரிவைப் பாருங்கள். வழக்கமான இடத்தை விட்டு வேறு இடத்திலும், விடுமுறை நாளிலும், வழக்கமான நேரத்துக்கு வெளியிலும் குடும்பநல நீதிமன்றம் அமர்வதற்கு விதி செய்யும் அதிகாரத்தை அந்தப் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து ஒரு நீதிபதியும் இரண்டு ஊழியர்களும் ரயில் பாதையில் ஏதேனும் ஒரு பொதுக் கட்டடத்துக்கு வந்து உட்கார்ந்தால், அந்த வட்டாரத்துப் பெண்கள் அனைவரும் அவ்வளவு தூரம் பயணம் போக வேண்டியதில்லை.

இதை யாராவது கேட்டால்தானே நடக்கும்? இங்கே வந்திருக்கும் நலச் சங்கத்தார் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தமிழிலேயே எழுதி, முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். வழக்கறிஞர் சங்கத்தின் ஒப்புதலையும் கேட்டு வாங்குங்கள், அவர்கள் இல்லாமல் இது நடக்காது. மனுவில் 21-ஆவது பிரிவைக் குறிப்பிட மறக்காதீர்கள். வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், பிழையில்லாமல் மனு எழுத இந்த ஓய்வுபெற்ற சிரஸ்தாருக்கு இன்னும் கை வரும்.